துப்பறியும் கதைகளோடு ஐம்பது ஆண்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் சத்துவாச்சாரியில் உள்ள எங்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு அலமாரிகள் நிறையத் துப்பறியும் கதைகள் இருக்கின்றன. அவற்றைப் பார்ப்பவர்கள், உறவினரானாலும் எரிவாயு உருளை கொண்டு வருபவரானாலும், ஏறத்தாழ ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். நின்றபடி சொல்லும் பதில்கள் எனக்கு நிறைவளிப்பதில்லை என்பதால், அவற்றை இங்கே பொறுமையாக எழுதி வைக்கிறேன்.

இந்த ஈடுபாடு எப்போது, எங்கே தொடங்கியது?

1974ஆம் ஆண்டு, குடியாத்தத்தில், எட்டாம் வகுப்பு படித்தபோது. எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு லுங்கித் தறி ஓடும். நைனா, அதாவது அப்பா, தறிக்குழியில் இருப்பார். என் பாட்டியை ஆயா என்போம்; அவர் பக்கத்தில் இராட்டையை வைத்துத் தறிக்கான நூலைத் தார் சுற்றிக்கொண்டிருப்பார். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளி விட்டு வந்ததும் அவருக்கு எதையாவது உரக்க வாசித்துக் காட்டுவது என் வேலை. கடைத்தெருவில் இருந்த ஒரு வாடகை நூல் நிலையத்தில் நாளொன்றுக்குச் சில காசுகளுக்குப் புத்தகம் கிடைத்தது. அப்படிக் கொண்டு வந்தவற்றுள் தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகளே முதலில் எங்களைப் பிடித்துக்கொண்டன. சங்கர்லால் தேநீர் குடிக்கும் இடம் வரும்போதெல்லாம் ஆயாவும் இராட்டையை நிறுத்திவிட்டுத் தேநீர் கேட்பார்.

ஆயா கதை கேட்ட விதம்தான் என்னை இந்தக் கதைகளின் பக்கம் நிரந்தரமாகத் திருப்பியது. நான் துரத்தலையும் துப்பாக்கியையும் எதிர்பார்த்து வேகமாக வாசித்துப் போவேன். அவரோ அந்த வீட்டில் அன்றைக்கு யார் சமைத்தார்கள், வாசற்கதவை யார் தாழிட்டார்கள் என்று இடையில் நிறுத்திக் கேட்பார். பதில் தெரியாமல் பத்துப் பக்கங்கள் பின்னால் போய்த் தேடுவேன். பின்னால் போய்த் தேடும் அந்தப் பழக்கம் இன்று வரை என்னை விடவில்லை.

கடைசிப் பக்கங்கள் இல்லாத புத்தகத்தைப் பற்றி அடிக்கடி சொல்வீர்களே, அது என்ன?

1976இல் அதே நூல் நிலையத்திலிருந்து ஒரு மர்ம நாவலைக் கொண்டு வந்தேன். யாரும் அதன் முடிவைத் தெரிந்துகொண்டு வாசிக்க நேரக் கூடாது என்பதற்காக, அதன் பெயரை நான் யாரிடமும் சொல்வதில்லை. தனியாக வாழும் ஒரு மூதாட்டி கொலையுண்டு கிடக்கிறார். புதன்கிழமை உடல் கண்டெடுக்கப்படுகிறது. அவருடைய தம்பி மகன், "செவ்வாய்க்கிழமை காலையில் அத்தையோடு பேசிவிட்டுத்தான் ஊருக்கு ரயிலேறினேன்" என்கிறான். அவன் ரயிலில் போனதற்குச் சாட்சிகள் இருக்கிறார்கள். துப்பறிபவர் எல்லோரையும் கூடத்துக்கு அழைக்கிறார், பக்கத்தைத் திருப்புகிறேன், பின்னட்டை வந்துவிடுகிறது. பைண்டிங் விட்டுப்போய், கடைசி ஃபாரம், அதாவது பதினாறு பக்கங்கள், முழுதாகக் கழன்று போயிருந்தன.

நூல் நிலையக்காரரிடம் வேறு பிரதி இல்லை. ஒரு வாரம் தூக்கம் கெட்டது. பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி முடிவை நானே எழுதினேன். குற்றவாளி தம்பி மகன்தான் என்று முடிவு செய்தேன். ஆனால் செவ்வாய்க்கிழமை காலையில் ரயிலேறியவன் எப்படிக் கொன்றிருக்க முடியும்? காட்பாடி நிலையத்தின் கால அட்டவணையைப் பார்த்து, அவன் அடுத்த சந்திப்பில் இறங்கி வேறு வண்டியில் இரவோடு இரவாகத் திரும்பி வந்ததாகவும், கொன்றுவிட்டு விடிவதற்குள் மறுபடி வண்டி ஏறியதாகவும் நிமிடக் கணக்கோடு எழுதி, ஆயாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அதெல்லாம் இருக்கட்டும்டா, அந்தம்மா செவ்வாய்க்கிழமை பால் கணக்கு ஏன் எழுதல?" என்று கேட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. சமையலறையை வருணிக்கும் இடத்தில், சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் திங்கட்கிழமை வரைக்கும் கட்டத்துக்குக் கட்டம் பாலின் அளவு குறிக்கப்பட்டிருந்தது என்று ஒரே ஒரு வரி வருகிறது. அதை நான் வெறும் வருணனை என்று தாண்டிப் போயிருந்தேன்.

1979இல் ஒரு தேர்வு எழுதச் சென்னைக்குப் போனபோது, மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகக் குவியல் ஒன்றில் அதே நாவல் கிடைத்தது. (அந்தச் சந்தை 1985இல் தீக்கிரையானதை இப்போது நினைத்தாலும் நெஞ்சு கனக்கிறது.) நின்ற இடத்திலேயே அந்தப் பதினாறு பக்கங்களையும் வாசித்தேன். ஆள் சரி, வழி தவறு. அந்த மூதாட்டி திங்கட்கிழமை இரவே இறந்துவிட்டார். பாத்திரத்தில் பால் ஊற்றப்பட்ட உடனே காலண்டரில் குறிக்கும் பழக்கமுள்ளவர் செவ்வாய்க்கிழமை குறிக்கவில்லை என்றால், அன்று காலை அவர் உயிரோடு இல்லை. அவரோடு பேசியதாகச் சொன்னவன் பொய் சொல்கிறான். ரயில் எதற்கும் தேவைப்படவே இல்லை. ஊருக்குத் திரும்பி ஆயாவிடம் சொன்னேன். "அதைத்தானே நான் அன்னிக்கே கேட்டேன்" என்று சொல்லிவிட்டு அவர் தார் சுற்றத் தொடங்கினார்.

செவ்வியல் துப்பறியும் கதை என்று எதைச் சொல்கிறீர்கள்?

பதிலுக்குத் தேவையான எல்லாத் தடயங்களையும் வாசகரின் கண்முன்னே வைத்துவிட்டு, அதன் பிறகும் அவரைக் கடைசிப் பக்கம் வரை காத்திருக்க வைக்கும் கதையை. எட்கர் ஆலன் போ 1841இல் எழுதிய, பாரிஸில் நடக்கும், துப்பேன் என்பவர் துப்பறியும் கதையோடு இந்த வகை தொடங்குவதாகப் பெரும்பாலோர் ஏற்றுக்கொள்கிறார்கள். ஆர்தர் கானன் டாயில் 1887இல் ஷெர்லக் ஹோம்ஸை அறிமுகப்படுத்தி, நான்கு நாவல்களும் ஐம்பத்தாறு சிறுகதைகளும் எழுதினார். இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளைப் பொற்காலம் என்பார்கள். அக்காலத்தில் எழுத்தாளர்களே தங்களுக்குக் கட்டுப்பாடு விதித்துக்கொண்டார்கள். ரொனால்ட் நாக்ஸ் என்ற பாதிரியார் 1929இல் பத்து விதிகளை வகுத்தார்: குற்றவாளி கதையின் தொடக்கத்திலேயே வந்துவிட வேண்டும், அமானுஷ்யம் கூடாது, இதுவரை கண்டறியப்படாத விஷம் கூடாது, தக்க முன்னறிவிப்பு இல்லாமல் இரட்டையர் தோன்றக் கூடாது, துப்பறிபவர் கண்ட தடயத்தை வாசகரிடம் மறைக்கக் கூடாது. 1930இல் லண்டனில் எழுத்தாளர்கள் ஒரு சங்கமே அமைத்தார்கள், ஜி. கே. செஸ்டர்டன் அதன் முதல் தலைவர். இந்த விதிகளை மீறிய நல்ல கதைகளும் உண்டு. ஆனாலும் அவற்றின் அடியில் உள்ள நேர்மை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. வாசகரை எழுத்தாளர் தமக்கு நிகரானவராக நடத்துகிறார். ஏமாற்றினாலும் பொய் சொல்லாமல் ஏமாற்றுகிறார்.

வேலூருக்கும் இந்தக் கதைகளுக்கும் தொடர்பு ஏதேனும் உண்டா?

உண்டு, இந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் காத்திருப்பதும் உண்டு. ஆங்கிலத்தின் தொடக்ககாலத் துப்பறியும் நாவல்களுள் தலையாயதாகக் கருதப்படுவது வில்கி காலின்ஸ் 1868இல் எழுதிய ‘மூன்ஸ்டோன்’, அதாவது ‘சந்திரகாந்தக் கல்’. அந்தக் கதை இங்கிலாந்தில் தொடங்குவதில்லை. 1799 மே மாதம், திப்பு சுல்தான் வீழ்ந்த நாளில், ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டையில் தொடங்குகிறது. திப்புவின் குறுவாள் பிடியில் பதித்திருந்த மஞ்சள் வைரத்தை ஆங்கிலேய அதிகாரி ஒருவன் கொலை செய்து கவர்ந்து போகிறான். வைரமும் திருட்டும் கற்பனை. கோட்டை வீழ்ந்தது வரலாறு. அந்த வரலாற்றின் அடுத்த பகுதி நடந்த இடம் எங்கள் ஊர். திப்புவின் பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் கிழக்கிந்தியக் கம்பெனியார் வேலூர்க் கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். 1806 ஜூலை 10 அன்று கோட்டைக்குள் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த பிறகு அவர்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். திப்பு மகால், ஹைதர் மகால் என்ற கட்டடங்கள் இன்றும் கோட்டைக்குள் நிற்கின்றன. அகழி ஓரத்துக் கல்லில் அமர்ந்து அந்த நாவலின் முதல் அத்தியாயத்தை வாசித்த மாலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. லண்டனில் அச்சான ஒரு கதையின் முகவுரைக்குப் பின்கதையாக என் ஊர் இருப்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

அந்த நாவலில் ஒரு காட்சியை மட்டும் சொல்கிறேன், மர்மம் கெடாது. வைரம் ஓர் இளம்பெண்ணின் அறையிலிருந்து இரவில் காணாமல் போகிறது. அவளுடைய அறைக்கதவில் புதிதாகச் சித்திரம் தீட்டியிருக்கிறார்கள். அதில் ஒரு மூலையில் வண்ணம் இழுபட்டிருக்கிறது. உள்ளூர்க் காவல் அதிகாரி, காலையில் வேலைக்காரப் பெண்கள் கூட்டமாக வந்தபோது பாவாடை உரசியிருக்கும் என்று சொல்லி அதை ஒதுக்கிவிடுகிறார். லண்டனிலிருந்து வந்த கஃப் என்ற துப்பறிவாளர் ஒரு கேள்வி மட்டும் கேட்கிறார்: இந்த வண்ணம் காய எத்தனை மணி நேரம் ஆகும்? பன்னிரண்டு மணி நேரம். தீட்டி முடித்தது முந்தைய நாள் பிற்பகல் மூன்று மணிக்கு. அப்படியானால் அதிகாலை மூன்று மணிக்கெல்லாம் காய்ந்திருக்கும்; காலை பதினொரு மணிக்கு வந்த பாவாடைகளால் அதை இழுத்திருக்க முடியாது. ஆகவே இரவில், வண்ணம் ஈரமாக இருந்தபோது, யாரோ அந்தக் கதவைக் கடந்திருக்கிறார்கள். அவர்களுடைய உடையில் கறை இருக்கும். ஒரு கூட்டல் கணக்கில் வழக்கே திரும்பிவிடுகிறது. இதை வாசித்தபோது எனக்கு ஆயாவின் பால் கணக்குத்தான் நினைவுக்கு வந்தது.

தமிழில் இந்த வகையின் முன்னோடிகள் யார்?

பண்டித நடேச சாஸ்திரி 1894இல் வெளியிட்ட ‘தானவன்’ என்ற போலீஸ் நிபுணனின் கதைகளை முதலில் சொல்ல வேண்டும். அதன் பிறகு ஜே. ஆர். ரங்கராஜு துப்பறியும் கோவிந்தனைப் படைத்தார். வடுவூர் துரைசாமி ஐயங்கார் திகம்பர சாமியாரைப் படைத்தார். திகம்பர சாமியாரின் கதை 1950இல் திரைப்படமாகி, நம்பியார் பல வேடங்களில் தோன்றியதை எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வியந்து பேசுவார்கள்.

வட ஆர்க்காட்டுக்காரர் என்ற முறையில் ஆரணி குப்புசாமி முதலியாரைப் பற்றித் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். ஆரணி இன்று திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. 1989 வரை எங்கள் பழைய வட ஆர்க்காடு மாவட்டம்தான். பட்டுக்குப் பெயர்போன அந்த ஊரிலிருந்து சென்ற முதலியார், ‘ஆனந்தபோதினி’ இதழின் ஆசிரியராக இருந்து, 1925இல் மறையும் வரை நாவல்களை எழுதிக் குவித்தார். பலவும் ஆங்கிலக் கதைகளின் தழுவல்கள். அதை வைத்து அவரைக் குறைத்துப் பேசுபவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. தமிழில் நாவல் வாசிப்போர் கூட்டம் ஒன்று உருவாகாத காலத்தில், அடுத்த அத்தியாயத்துக்காகக் காத்திருக்கும் பழக்கத்தை ஆயிரக்கணக்கானோருக்கு ஏற்படுத்தியவர்களுள் அவர் ஒருவர். அவருக்கு அவர் பிறந்த ஊரில் இன்னும் கூடுதலான நினைவு இருக்க வேண்டும் என்பது என் ஆசை.

அந்தத் தலைமுறையின் கதைகளில் மாறுவேடமும் தற்செயலும் அதிகம். தடயத்தைக் கொண்டு படிப்படியாக முடிவுக்கு வருவது குறைவு. தேவனின் துப்பறியும் சாம்பு தற்செயலாகவே வெல்வது அந்தக் கதைகளின் நகைச்சுவைக்கு உயிர். அதில் எனக்குக் குறையில்லை. தடயத்தின் மேல் நிற்கும் கதை தமிழில் முழு வலிமையோடு வந்தது சுஜாதாவிடம்தான் என்பது என் கருத்து. 1960களின் இறுதியில் ‘நைலான் கயிறு’ தொடரில் வந்த வழக்கறிஞர் கணேஷ், உணர்ச்சிவசப்படாமல் ஒரு பொருளைக் கையில் எடுத்துப் பார்க்கும் விதம் அன்று எனக்குப் புதிதாக இருந்தது.

துப்பறிதல் நம் மரபுக்கு அந்நியமானது அல்லவா?

அப்படி எனக்குத் தோன்றவில்லை. திருக்குறளில் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. ஓர் ஒற்றன் கொண்டு வந்த செய்தியை வேறோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்துக்கொள் என்கிறது 588ஆவது குறள். ஒரே சாட்சியை நம்பாதே என்பது துப்பறிவாளரின் பாலபாடம். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நான் எப்போதும் ஒரு தடயக் காட்சியாகவே வாசிக்கிறேன். கண்ணகி பாண்டியனை விளிக்கும் முதற்சொல்லே ‘தேரா மன்னா’. ஆராய்ந்து பாராத மன்னனே என்று பொருள். அவள் அழுது மட்டும் நீதி கேட்கவில்லை. என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்புப் பரல் முத்து என்கிறான் அரசன். உடைத்ததும் மாணிக்கம் தெறிக்கிறது. சிலம்பை உடைப்பதற்கு முன்பே இரு தரப்பும் தத்தம் கூற்றைச் சொல்லிவிடுகின்றன என்பதைக் கவனியுங்கள். சோதனைக்கு முன் கூற்றைப் பதிவு செய்வதுதான் அந்தச் சான்றை மறுக்க முடியாததாக ஆக்குகிறது. கோவலன் இறப்பதற்கு முன், சிலம்பின் பரல் எது என்ற கேள்வியை ஒருவர் கேட்டிருந்தால் என்று நான் ஒவ்வொரு முறையும் தவிப்பதுண்டு.

அகதா கிறிஸ்டியை ஏன் இத்தனை உயர்வாகச் சொல்கிறீர்கள்?

அறுபத்தாறு துப்பறியும் நாவல்கள் எழுதினார் என்பதற்காக அன்று. அவர் தமக்குத் தெரிந்ததிலிருந்து எழுதினார் என்பதற்காக. முதல் உலகப் போரின்போது டார்க்கி என்ற தம் ஊரில் மருத்துவமனையின் மருந்து வழங்கும் பிரிவில் வேலை பார்த்தார். எந்த மருந்து எந்த அளவில் நஞ்சாகும், எதனோடு எது சேர்ந்தால் என்ன நேரும் என்பதெல்லாம் அங்கே கைவந்தது. 1920இல் வெளிவந்த முதல் நாவலிலேயே அந்த அறிவு வேலை செய்கிறது. மருந்தியல் இதழ் ஒன்றே அதன் துல்லியத்தைப் பாராட்டியது. நோயாளிகள் நாடெங்கிலுமிருந்து வந்திறங்கும் வேலூரில் மருந்துச் சீட்டைப் பார்க்காத வீடு இல்லை. என் மனைவி பல ஆண்டுகள் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தவர். அந்த நாவலைப் பாதி வாசித்ததும் புத்தகத்தை மடித்துவிட்டு, "மருந்துப் புட்டியைக் குலுக்கிவிட்டுக் குடிக்கணும்னு ஏன் எழுதி ஒட்டுறோம் தெரியுமா?" என்று என்னிடம் கேட்டார். அதற்கு மேல் நான் எதுவும் சொல்லக் கூடாது.

கொலைக் கதைகளை வாசிப்பது மனத்தைக் கெடுக்காதா?

நான் விரும்பும் கதைகளில் கொலை பெரும்பாலும் ஒரு பத்தியில் முடிந்துவிடுகிறது. மீதி முந்நூறு பக்கங்களும் ஓர் உயிர் போனதற்கு யார் பொறுப்பு என்று விடாமல் கேட்பதிலேயே கழிகின்றன. குரூரத்தை விரித்து விரித்து எழுதும் கதைகளை நான் வீட்டில் சேர்ப்பதில்லை.

திரைப்படங்களும் தொடர்களும் இதே இன்பத்தைத் தருமா?

எனக்குத் தருவதில்லை. படம் என் கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று முடிவு செய்துவிடுகிறது; பின்னால் போய்த் தேடும் உரிமையும் கையை விட்டுப் போகிறது.

புதிதாக வாசிக்கத் தொடங்குபவர் எதில் தொடங்கலாம்?

சிறுகதையில் தொடங்குங்கள். ஹோம்ஸ் கதைகளுக்குத் தமிழ் மொழிபெயர்ப்புகள் கிடைக்கின்றன. அவற்றுள் ‘சில்வர் பிளேஸ்’ என்ற பந்தயக் குதிரையைப் பற்றிய 1892ஆம் ஆண்டுக் கதையைத்தான் என் பேத்திக்கு முதலில் கொடுத்தேன். இரவில் நாய் குரைக்காமல் இருந்ததே தடயம் என்ற புகழ்பெற்ற இடம் அதில்தான் வருகிறது. ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்த தடயம் ஒன்று அதே கதையில் இருக்கிறது. காவலிருந்த லாயப் பையனுக்கு அன்றிரவு கொடுத்த உணவு மசாலா போட்ட ஆட்டுக்கறி. அதில் அபின் கலந்திருந்தது. அபினுக்குத் தனிச் சுவை உண்டு. சாதாரணச் சாப்பாட்டில் கலந்தால் நாக்கு உடனே கண்டுபிடித்துவிடும். காரமும் மசாலாவும் சேர்ந்த கறியில் அது மறையும். அப்படியானால், அன்றைக்கு அந்த வீட்டில் என்ன சமைப்பது என்று முடிவு செய்யக்கூடியவர் யார்? பேத்தியிடம் இந்த இடத்தில் புத்தகத்தை வாங்கி வைத்துக்கொண்டு யோசிக்கச் சொன்னேன். மறுநாள் காலை, பல் துலக்கிக்கொண்டே சரியான பதிலைச் சொன்னாள்.

அதன் பிறகு செஸ்டர்டனின் பாதர் பிரவுன் கதைகள், அதன் பிறகு கிறிஸ்டி. ‘மூன்ஸ்டோன்’ நீளமானது, ஒரு கோடை விடுமுறையை அதற்கென்று ஒதுக்கி வையுங்கள்.

இத்தனை ஆண்டுகள் வாசித்த பிறகு, குற்றவாளியை முன்கூட்டியே கண்டுபிடித்துவிடுவீர்களா?

பத்துக்கு மூன்று கதைகளில் கண்டுபிடிக்கிறேன். கண்டுபிடிக்க முடியாமல் போன கதைகளையே பத்திரமாக வைத்துக்கொள்கிறேன்.

முடிவு தெரிந்த கதையை மறுபடி வாசிப்பதில் என்ன இருக்கிறது?

முதல் வாசிப்பில் நான் துப்பறிபவரின் பின்னால் போகிறேன். இரண்டாம் வாசிப்பில் எழுத்தாளரின் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பார்க்கிறேன். தடயத்தை எந்த வரியில் வைத்தார், அதிலிருந்து என் கண்ணை விலக்க அடுத்த வரியில் யாரை உள்ளே அழைத்து வந்தார் என்பதெல்லாம் அப்போதுதான் தெரிகிறது. மூர் மார்க்கெட்டில் வாங்கிய அந்த நாவலை இதுவரை ஏழெட்டு முறை வாசித்திருக்கிறேன். பால் கணக்கு வரும் வரிக்கு அடுத்த வரியில் சமையலறையின் பின்கதவு காற்றில் படாரென்று சாத்திக்கொள்கிறது. இன்ஸ்பெக்டரோடு நானும் கதவின் பக்கம் திரும்பிவிட்டேன். ஆயா திரும்பவில்லை. என் நாற்பது பக்க நோட்டை, ரயில் நேரங்களோடு, அந்த நாவலின் பின்னட்டைக்குள் செருகி வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன், நாவலின் பெயர் தெரியாதபடி அட்டை போட்டு.